இரண்டாயிரம் மூக்குகளின் போர்

வடகரைத் தளபதி ஒரு கையில் வாளை உயர்த்தினார். இன்னொரு கையில் கொடியைப் பிடித்திருந்தார். மூன்றாவது கையில் குதிரையின் கடிவாளம் இருந்தது.

காப்பாட்சியர் கணினித் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் மறுபடி எண்ணிப் பார்த்தார். மூன்றேதான்.

“வசதியாத்தான் சார் இருக்கு,” என்றார் தேநீர் கொண்டுவந்து வைத்த காவலாளி. “குதிரையில போறப்போ ரெண்டு கை பத்தாதில்ல?”

“வசதிக்கா செய்யறோம்? நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி நடந்த உள்நாட்டுப் போர். இதுல உண்மை இருக்கணும்.”

காவலாளி தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போனார். அந்த அருங்காட்சியகத்தில் அவர் இருபத்தைந்து வருடமாக இருக்கிறார். காப்பாட்சியர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

ஆற்றின் வடகரையும் தென்கரையும் ஒருகாலத்தில் அடித்துக்கொண்டதற்கு இந்த சனிக்கிழமையோடு நூற்றைம்பது வருடம். தலைமையகத்திலிருந்து இயக்குநர் தொலைபேசியில் சொல்லிவிட்டார்: “துருப்பிடிச்ச தொப்பியைப் பாக்க எவன் வருவான்? ஏஐ-ல வீடியோ போடுங்க. குதிரை ஓடணும், புழுதி பறக்கணும், ஜனம் வாயைப் பொளக்கணும். சொதப்புச்சுன்னா, கல் கிடங்குல ஒரு இடம் காலியா இருக்கு.”

கல் கிடங்கு என்பது துறைக்குச் சொந்தமான பாறை மாதிரிகளை அடுக்கி வைக்கும் இடம். ஜன்னல் கிடையாது. அங்கே மாற்றலாகிப் போன ஒருவர் இப்போது கற்களுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுவதாகத் துறைக்குள் பேச்சு.

காப்பாட்சியர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்தார்: ‘தளபதிக்கு இரண்டு கைகள் மட்டுமே.’

செயலி கீழ்ப்படிந்தது. தளபதிக்கு இரண்டு கைகள். எடுத்த கையை வீணாக்காமல் குதிரைக்குக் கொடுத்திருந்தது.

குதிரையை ஒருவழியாகச் சரிசெய்தால் முகம் நிற்கவில்லை. தளபதி ஒரு நொடி தாடியோடு இருந்தார், மறுநொடி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், அதற்கடுத்த நொடி பெண்ணாகிவிட்டார். காப்பாட்சியருக்கு ஒரு யோசனை தோன்றியது. மாடிக் கூடத்தில் இரண்டு தளபதிகளின் எண்ணெய் ஓவியங்களும் எதிரெதிர்ச் சுவரில் ஒன்றையொன்று முறைத்தபடி தொங்கின. வடகரைத் தளபதியைப் படமெடுத்து வந்து செயலிக்குக் கொடுத்து, ‘இந்த முகத்தையே பயன்படுத்து’ என்றார்.

பயன்படுத்தியது. தளபதிக்கு மட்டுமல்ல, படையில் இருந்த இரண்டாயிரம் பேருக்கும். கொடி பிடிக்கிறவனுக்கும் அந்த மூக்கு, முரசு அடிக்கிறவனுக்கும் அந்த மூக்கு. 

காலிக் கோப்பையை எடுக்க வந்த காவலாளி திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். “இத்தனை பேரா சார்!”

“மாத்திடலாம், கவலைப்படாதீங்க.”

“இருக்கட்டும் சார். பாக்க நல்லாத்தானே இருக்கு,” என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் பல் டாக்டர். ஊரில் பாதிப் பேரின் பல்லைப் பிடுங்கியவர். அதைவிட முக்கியம், வடகரை வீரர் வம்சாவளிச் சங்கத்தின் தலைவர். தளபதி தன் கொள்ளுத்தாத்தா என்பதை ஊசி போடுவதற்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிடுவார். திரையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதான் சார்! இதான் எங்க மூக்கு!” என்று பக்கவாட்டில் திரும்பிக் காட்டினார். “நடுவுல மேடு தெரியுதா? தாத்தாவுக்கு இருந்துச்சு, அப்பாவுக்கு இருந்துச்சு. எனக்குச் சின்ன வயசுல கதவு இடிச்சுத்தான் வந்துச்சு. ஆனா வந்துச்சா இல்லையா? ரத்தம் சார் ரத்தம்! ஒரு ஆளைக் கூட மாத்தாதீங்க.”

மதியத்துக்குள் சேதி ஆற்றைத் தாண்டிவிட்டது. தென்கரைத் தியாகிகள் வழித்தோன்றல் சங்கத்தின் தலைவி கையில் குடையோடு வந்து நின்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. காப்பாட்சியர் தன்னையறியாமல் எழுந்து நின்றார். இரண்டு சங்கங்களும் பத்து வருடத்துக்கு முன்பு, ஒன்று தொடங்கிய மறுவாரமே மற்றொன்று தொடங்கியவை.

“வடகரைக்கு ரெண்டாயிரம் மூக்காமே. எங்களுக்கு எத்தனை?”

“வந்து... டீச்சர்...”

“எத்தனைன்னு கேட்டேன்.”

பதினோரு பேர் இருந்தார்கள். அதிலும் நாலு பேர் மூடுபனிக்குள் இருந்தார்கள்.

காப்பாட்சியர் ஓடிப்போய்த் தென்கரைத் தளபதியைப் படமெடுத்து வந்தார். சற்று நேரத்தில் தென்கரைக்கும் இரண்டாயிரம் பேர் சேர்ந்தார்கள், அத்தனை பேருக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அதே தாடை. தலைமையாசிரியை தன் தாடையைப் பெருமையாகத் தடவிக்கொண்டார். பிறகு குடை நுனியால் திரையின் மூலையைத் தட்டினார்.

“இவன் ஏன் பின்னால போறான்?”

“அடுத்தவருக்கு இடம் விடறார் டீச்சர்.”

“எங்காளுங்க யாரும் பின்னால போனதில்ல. ஓடினது வடகரைக்காரங்க. திருத்துங்க.”

அவர் போன பத்தாவது நிமிடம் பல் டாக்டர் தொலைபேசியில் அழைத்தார். “ஓடினது தென்கரைக்காரங்கதானே? வீடியோவுல அது தெளிவா இருக்கில்ல?”

யார் ஓடினார்கள் என்பது உண்மையில் காப்பாட்சியருக்கும் தெரியாது. அருங்காட்சியகத்தின் பழைய குறிப்பேட்டில் அது எழுதியிருந்தது. ஆனால் இரண்டு சங்கத்தாரும் வெவ்வேறு நாளில் வந்து பார்த்துவிட்டுப் போனபின் அந்தப் பக்கத்தைக் காணோம்.

அவர் நடுநிலையாக ஒரு கட்டளை போட்டார்: ‘யாரும் ஓடக் கூடாது.’

நாலாயிரம் பேரும் நின்றார்கள். ஏழு நிமிடப் படத்தில் ஏழு நிமிடமும் நின்றார்கள், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. ஐந்தாவது நிமிடத்தில் ஒருவன் கொட்டாவி விட்டான். குதிரை ஒன்று வேறு வேலை பார்க்கக் கிளம்பியது.

இதற்கிடையில் இயக்குநர் மறுபடி கூப்பிட்டார். “பள்ளிக்கூடப் பிள்ளைங்க வருதாம். போர் இருக்கணும், ஆனா ரத்தம் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. புரியுதா?”

“புரியுது சார்,” என்றார் காப்பாட்சியர், ஒன்றும் புரியாமல்.

வியாழக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க இது, ரேஷன் வரிசையா?”

“போர்.”

“போர்னா அடிச்சுக்க வேணாமா?”

“அடிச்சுக்கணும். ஆனா காயம் படக் கூடாது.”

“அப்ப மெத்துனு எதையாவது கையில குடுங்க.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்கிருந்த நிலையில் அது ஞானோதயமாகப் பட்டது. அப்படியே தட்டச்சு செய்தார். மறுகணம் நாலாயிரம் வீரர்களும் முழக்கமிட்டபடி பாய்ந்து தலையணையால் சாத்திக்கொண்டார்கள். பஞ்சு பறந்து போர்க்களமே வெளுத்துப்போனது. மனைவி சிரிக்கச் சிரிக்க நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

“கல்யாணம் ஆன இந்தப் பதினாலு வருஷத்துல,” என்று மூச்சு வாங்கினாள், “நீங்க செஞ்ச உருப்படியான வேலை இதுதாங்க.”

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு தலைவர்களும் முன்னோட்டம் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஒன்பதரைக்குத் தலையணைகளை நீக்கிவிட்டு, ஆயுதமே இல்லாமல் எழுதிப் பார்த்தார்: ‘இரு படைகளும் உணர்ச்சிப் பெருக்கோடு கைகலக்கட்டும்.’ சுழன்று சுழன்று படம் தயாரானபோது வாசலில் குடைச் சத்தம் கேட்டது. சரிபார்க்க நேரமில்லை. ஓட்டிவிட்டார்.

செயலிக்குக் கைகலப்பு என்றால் என்னவென்று தெரியவில்லை. கைகளைக் கலக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருந்தது. புழுதி அடங்கியதும் நாலாயிரம் பேரும் கைகோத்து வட்டமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். வட்டத்தின் நடுவே இரண்டு தளபதிகள் மட்டும் தனியாக, கண்ணோடு கண் பார்த்தபடி, மெல்லச் சுழன்றார்கள்.



“எங்க கொள்ளுத்தாத்தா,” என்றார் பல் டாக்டர் அடிக்குரலில், “யார் இடுப்பைப் பிடிச்சிருக்கார்?”

“எங்க கொள்ளுத்தாத்தா இடுப்பை!” தலைமையாசிரியை எழுந்துவிட்டார். “கையை எடுக்கச் சொல்லுங்க!”

“அவர் முதல்ல தோள்லேர்ந்து எடுக்கட்டும்!”

“ஓடிப்போன கூட்டத்துக்கு ஆட்டம் வேறயா?”

“யாரு ஓடினது? யாரைப் பாத்து?”

பல் டாக்டர் மேசைமேல் இருந்த நூற்றைம்பது வருடத்துத் துருப்பிடித்த தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். குடை உயர்ந்தது. தொப்பியின் மீது ‘டங்’ என்று விழுந்தது. காகிதம் குத்தும் கருவி ஒன்று பறந்து காப்பாட்சியரின் காதோரம் போனது. அவர் மேசைக்கு அடியில் புகுந்தார். இயக்குநர் கேட்ட குதிரையும் புழுதியும் தவிர அந்த அறையில் எல்லாம் இருந்தது. காவலாளி ஓடிவந்து நடுவில் விழுந்து ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்தார். தொப்பி மட்டும் வரவில்லை. டாக்டரின் காதுகளைப் பிடித்துக்கொண்டு அது தலையிலேயே நின்றது. எண்ணெய் போட்டுத்தான் கழற்ற முடிந்தது.

“நாளைக்கு இது ஓடட்டும்,” என்றார் டாக்டர் காதைத் தடவியபடி. “திரை இருக்காது.”

“நீங்களும் இருக்க மாட்டீங்க,” என்று தலைமையாசிரியை காப்பாட்சியரைப் பார்த்துச் சொன்னார். முதல்முறையாக இரண்டு கரைகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின.

அவர்கள் போனபின் காப்பாட்சியர் மாடிக் கூடத்துக்கு ஏறிப்போய் இரண்டு ஓவியங்களுக்கும் நடுவில் உட்கார்ந்தார். ஒரு வாரமாக இந்த முகங்களை வெட்டி, ஒட்டி, பெருக்கி, ஆடவிட்டிருக்கிறார். ஒருநாளாவது நின்று பார்க்கவில்லை என்று இப்போதுதான் உறைத்தது. என்ன பார்வை! நூற்றைம்பது வருடமாகியும் ஆறாத கோபம் இரண்டு பேர் கண்ணிலும் அப்படியே இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. கீழே இறங்கிவந்து செயலியைக் கணினியிலிருந்தே அழித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை அரங்கம் நிறைந்தது. இடப்பக்கம் வடகரை, வலப்பக்கம் தென்கரை, நடுவில் ஆளில்லாமல் நாலு வரிசை. முதல் வரிசையில் இயக்குநர் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். விளக்குகள் அணைந்தன. ஒற்றை முரசு ஒலிக்க, திரையில் அந்த இரண்டு ஓவியங்கள் மட்டும் தோன்றின. வேறெதுவும் அசையவில்லை.

“எங்கய்யா குதிரை?” என்று இயக்குநர் முணுமுணுத்தார்.

காப்பாட்சியர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“ஒரு வாரமா ஒரு இயந்திரத்துக்கிட்டப் போரைக் காட்டச் சொல்லிக் கெஞ்சினேன்,” என்றார். “அது மூணு கை காட்டுச்சு, தலையணை காட்டுச்சு, ஆட்டம் காட்டுச்சு. அதுக்கு எதுவும் தெரியாது. எனக்கும் தெரியாது. யார் ஓடினாங்கன்னு இனிமே யாருக்கும் தெரியப்போறதில்ல. ஆனா இந்த ரெண்டு பேரும் இருந்தாங்க. ஒரு ஓவியன் முன்னால வந்து உட்கார்ந்தாங்க. இந்தக் கண்ணு பொய் சொல்லாதுங்க. இந்த ஊர்ல நம்மகிட்ட மிச்சமிருக்கிற ஒரே உண்மை இதுதான்.”

யாரோ விசும்பினார்கள். பார்த்தால் பல் டாக்டர். வலப்பக்கத்தில் தலைமையாசிரியையும் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். டாக்டர் எழுந்து, நடுவில் காலியாக இருந்த வரிசைகளைத் தாண்டிப் போய்த் தன்னுடையதை நீட்டினார்.

“டாக்டர்,” என்றார் தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்க மூக்கு அச்சு அசலா அவரோடதுதான்.”

“உங்க தாடை மட்டும் என்னவாம் டீச்சர்!”

அரங்கமே எழுந்து கைதட்டியது. இயக்குநர் காப்பாட்சியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “அசல் அசல்தான்யா! கல் கிடங்கை மறந்துடுங்க. நாளைக்கே ரெண்டு படத்துக்கும் கண்ணாடிப் பெட்டி போட்டாகணும்!”

கூட்டம் கலைந்ததும் காப்பாட்சியர் அளவு நாடாவோடு மாடிக்கு ஓடினார். மிதப்பில் கால் தரையில் படவில்லை. வடகரைத் தளபதியின் கீழே நின்று, நாடாவின் மறுமுனையைக் காவலாளியிடம் நீட்டி, பெட்டி எவ்வளவு உயரம் இருந்தால் நல்லது என்று கேட்டார்.

காவலாளி நாடாவை வாங்காமல் தலையைச் சொறிந்தார்.

“இதுக்கு எதுக்கு சார் கண்ணாடிப் பெட்டி? அசல் ரெண்டையும் கரையான் தின்னு இருபது வருஷமாச்சே. ஆய்வுக்கு ஆள் வர்றாங்கன்னு பயந்து அப்ப இருந்த சார், என்னையும் என் மச்சானையும் உட்கார வெச்சு வரைஞ்சது இது. அந்த முறைப்பு மட்டும்தான் சார் அசல், அன்னிக்கு எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல.”