ஒரே மாலைக்குள் இரண்டு கழுத்து

என் மகள் வயிற்றுப் பேத்தியும், இப்போது ஊர் மெச்சும் துணைவேந்தருமாகிய ரூபினிக்கு, தேயிலைத் தோட்டத்து மேல் லயத்திலிருந்து உன் அம்மாயி அஞ்சலை எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நான் சுகம், கோழிகள் சுகம், இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் சுகத்தை நான் கேட்கவில்லை, அதைத்தான் பேப்பரில் அரைப் பக்கத்துக்குப் போட்டுவிட்டார்களே. இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "மீட்டிங் இருக்கு அம்மாயி" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து படி.

முதலில் உன் மேல் இருக்கும் கோபம், பிறகு நல்ல சேதி. பதவி ஏற்ற அன்று நீ பேசியதைப் பேப்பரில் போட்டிருந்தார்கள். நான் படித்தது எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான், அதனால் எழுத்துக் கூட்டி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, லயத்துப் பெண்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தேன். படித்துக்கொண்டே வந்தால், "என்னை வரலாற்றுப் பக்கம் திருப்பியது என் அப்பாயி சிட்டம்மா சொன்ன கதைகள்தான்" என்று இருக்கிறது. சிட்டம்மா! உன் அப்பனைப் பெற்றவள், என் சம்பந்தி, கீழ் லயத்தில் இருக்கிறவள். சரி, அடுத்த வரியில் என் பெயர் வரும் என்று பார்த்தேன். வந்தது கூந்தல் தைல விளம்பரம். பெண்கள் எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக் குமுதா வாயைப் பொத்திக்கொண்டு, "அடுத்த பக்கத்துல இருக்கும் லா பாட்டி, திருப்பிப் பாருங்க" என்கிறாள். திருப்பினேன். பந்து விளையாட்டு.

கண்ணு, நீயே நியாயம் சொல்லு. உன் அம்மா கல்யாணப் பந்தியில், ஊரே இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது, "சாம்பார்ல உப்பு இல்ல" என்று சொன்னவள் அந்தச் சிட்டம்மா. உப்பு இருந்தது. என் கையால் போட்டது எனக்குத் தெரியாதா? அந்த வாய் சொல்லுகிற கதையில் எது நிஜமாக இருக்கும்? நீ சின்னப் பிள்ளையாக, மூக்கு ஒழுக ஒழுக, அவள் மடியில் கேட்ட கதையைத் தூக்கிக்கொண்டு படி ஏறி என்னிடம் ஓடி வருவாய். "அம்மாயி, வெள்ளக்காரத் தொரய முனி சுத்த விட்டுச்சாமே?" என்பாய். "எவ சொன்னா? நடந்தத நான் சொல்றேன் கேளு" என்று நான் உள்ளதை உள்ளபடி சொல்லுவேன். உடனே கீழே ஓடுவாய். "அப்பாயி, அம்மாயி இல்லேங்குது." அவள் புதிதாக ஒன்று விடுவாள். மறுபடி மேலே ஓடி வருவாய். அந்தப் படிக்கட்டில் பாசி பிடிக்க விட்டதில்லை நீ. உண்மையைச் சொன்னவள் நான், பேப்பரில் பேர் அவளுக்கு!

நீ மேலே போன ஒவ்வொரு படிக்கும் ஊர் வாயை அடைத்தவள் யார்? டாக்டருக்குப் படிப்பாய் என்று எல்லாரும் காத்திருந்தபோது வரலாறு படிக்கப் போகிறேன் என்றாய். உன் அப்பன் உன்னிடம் பேச்சை நிறுத்தினான். "செத்தவங்களப் பத்திப் படிச்சா சோறு வருமா?" என்று கீழ் லயத்தில் கேட்டார்கள். "செத்தவங்க எதுத்துப் பேச மாட்டாங்க, அதவிட நல்ல வேல ஏது?" என்று நான்தான் பதில் சொன்னேன். பிறகு நீ டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தபோது, ஆடு வளர்க்கும் கந்தன் தன் நொண்டி ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான். நீயும் நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லாமல் அதன் காலைப் பிடித்துப் பார்த்து, முள்ளைப் பிடுங்கி அனுப்பினாய். இன்றைக்கும் இங்கே நீ எழுதிய புத்தகங்களை விட அந்த ஆட்டுக்குத்தான் பேர். அப்புறம் துறைத் தலைவர், டீன் என்று என்னென்னவோ ஆனாய், இப்போது பல்கலைக்கழகத்துக்கே தலைமை. இனி உனக்குச் செத்தவர்களோடு வேலை இல்லை, உயிரோடு இருக்கிற புரொபசர்களோடு வேலை. அவர்கள் எதிர்த்துப் பேசுவார்கள். அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது நீ வராமல் நடந்த உன் பாராட்டு விழாவைச் சொல்கிறேன். வராதது உன் குற்றம் இல்லை, ஸ்ட்ராபெரியின் குற்றம். மலைக்கு ஏறி வரும் தாப்பா ரோட்டில் மண் சரிந்து, நீ உன் அப்பன் ஆத்தாளையும் ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாகச் சுற்றி வந்து, பள்ளி விடுமுறைக்கு ஸ்ட்ராபெரி பறிக்க வந்த கூட்டத்துக்கு நடுவில் கம்போங் ராஜாவில் மாட்டிக்கொண்டாய். "முன்னாலயும் கார், பின்னாலயும் கார், நகரவே மாட்டேங்குது அம்மாயி. நான் இல்லாமலே நடத்திருங்க" என்று போன் செய்தாய். சொல்வது சுலபம். சோறு வெந்தாயிற்று, ரிங்லெட்டில் கடை வைத்திருக்கும் மீரான் பாய் அண்டா நிறையத் தேத்தண்ணி கொண்டுவந்து இறக்கியாயிற்று. அதைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். மாலையை என்ன செய்வது? நம் கோவில் வழக்கம் உனக்குத் தெரியாததா? அம்மனுக்குச் சாத்தி எடுத்த மாலை திரும்ப உள்ளே போகக் கூடாது, தரையில் வைக்கக் கூடாது. யாருக்கென்று சொல்லி எடுத்தார்களோ அவர் கழுத்தில், அவர் இல்லாவிட்டால் அவர் ரத்தத்தில் ஒருவர் கழுத்தில் விழ வேண்டும். விழுந்தால் ஆரத்தி எடுக்கும் வரைக்கும் கழற்றக் கூடாது.

அந்த மாலையின் கதை தனிக் கதை. மண் சரிவதற்கு முதல் நாளே தாப்பாவுக்குப் போய் அதை வாங்கி வந்தவன் உன்னோடு படித்த அகிலன். பூக்கடைக்காரர் அளவு கேட்டிருக்கிறார். இவன் பிறந்ததிலிருந்து சாமித் தேருக்குத் தவிர வேறு எதற்கும் மாலை வாங்கியதில்லை. "எப்பவும் கட்டுற அளவுதான்" என்று சொல்லிவிட்டான். வந்தது தேர் மாலை. அம்மனுக்குச் சாத்தியபோது அம்மனையே காணோம், மூக்குத்தி மட்டும் தெரிந்தது. வெளியே எடுத்து வந்தபோது முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், கல்யாணப் பந்தலுக்கு வாழை மரம் தூக்கி வருவது போல வந்தார்கள்.

கோவில் மண்டபத்து மேடையில் சண்டை ஆரம்பித்தது. கோவில் தலைவர் லெட்சுமணன், முன்பு எஸ்டேட்டில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், "வம்சம்னா அப்பா வழிதான். சிட்டம்மா பாட்டிக்குப் போடுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கு வந்ததே ஆத்திரம். "ஏன்யா, கொழுந்து நிறுக்கிறப்பவும் இப்படித்தான கண்ண மூடிக்கிட்டு நிறுத்த? பத்து மாசம் சுமந்தது அப்பா வழியா?" என்று கேட்டேன். கூட்டம் கைதட்டியது. சிட்டம்மா நாற்காலியில் சாய்ந்தபடி, "அவளுக்கே போடுங்கப்பா. இல்லேன்னா சாகுற வரைக்கும் இதையே சொல்லிக்கிட்டு இருப்பா" என்றாள். அவள் விட்டுக்கொடுத்து நான் வாங்குவதா? "எனக்கு வேணாம், அவளுக்கே போடு" என்றேன். மாலை தூக்கியிருந்த அகிலன், "யாருக்காவது போடுங்க பாட்டி, கை விட்டுப் போகுது லா!" என்று அலறினான். லெட்சுமணன் இரண்டு நாற்காலியையும் ஒட்டி இழுக்கச் சொன்னார். தொப்பென்று விழுந்தது மாலை, என் கழுத்தையும் அவள் கழுத்தையும் சேர்த்து. பாரம் தாங்காமல் இரண்டு பேர் கன்னமும் ஒட்டிக்கொண்டது. சம்பந்தி ஆன நாளிலிருந்து அவ்வளவு கிட்டத்தில் நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. இன்னும் அதே தைலத்தைத்தான் தேய்க்கிறாள்.

ஆரத்தி எல்லாப் பேச்சும் முடிந்த பிறகுதான் என்று லெட்சுமணன் முன்னமே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். உன்னை வளர்த்ததே தான்தான் என்பது போல அவர் பேசி முடித்தார். அடுத்தது துணைவேந்தர் உரை. துணைவேந்தர் கம்போங் ராஜாவில். என்ன செய்வதென்று தெரியாமல், "பேப்பர்லயே வந்திருச்சே, அந்தக் கதைய நீங்களே சொல்லுங்க பாட்டி" என்று மைக்கைச் சிட்டம்மா வாயில் வைத்துவிட்டார். என் காது அவள் வாய்க்கு நாலு விரல் தூரத்தில்.

ஆரம்பித்தாள். "புதுசா வந்த தொர, பனி மூடுற நேரத்துல மோட்டார்ல மேட்டுத் தோட்டத்துக்குப் போறாரு. கோயிலச் செருப்போட தாண்டிட்டாரு. நம்ம முனி சும்மா விடுவாரா? அந்த மலையவே சுத்த விட்டாரு. சுத்தி, சுத்தி, சுத்தி..." அதோடு நின்றுவிட்டாள். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. கொஞ்ச நாளாகவே அவள் என்னைப் பார்த்தால் "சாப்பிட்டியா?" என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பாள், நான் அதைத் திமிர் என்று நினைத்திருந்தேன். அவள் கண் என் பக்கம் திரும்பியது. "அஞ்சல, அப்புறம் என்னா ஆச்சு?" என்று கேட்டாள், மைக்கில் இல்லை, எனக்கு மட்டும்.

ஒன்றும் ஆகவில்லை, அத்தனையும் பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாய் என்னைக் கேட்காமல், "மோட்டார் நின்னு போச்சு. சுருட்டு வாசம் வந்துச்சு" என்றது. "ஆமா! சுருட்டு வாசம்!" என்று பிடித்துக்கொண்டாள் பார், பழைய சிட்டம்மா! எங்கே நின்றாளோ அங்கே நான் எடுத்துக் கொடுத்தேன். வெள்ளைக் குதிரை, சலங்கைச் சத்தம், துரை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கோவில் வாசலில் விழுந்தது, மறு வாரமே கோவிலுக்குப் புதுத் தகரக் கூரை போட்டது, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு பொய்யை மறுக்க வேண்டுமென்றால் அதை முழுதாக ஞாபகம் வைத்திருக்க வேண்டுமே. கூட்டம் கூரை பறக்கக் கைதட்டியது.

அதோடு நான் விட்டுவிடுவேனா? மைக்கை என் பக்கம் இழுத்தேன். "அம்புட்டும் பொய். அந்தத் தொர அன்னைக்குக் குடிச்சிட்டு லோங்கான் சாக்கடையில விழுந்து கெடந்தாரு. கூர எப்படி வந்துச்சு தெரியுமா? காத்துல பழைய கூர பறந்து போயி, அம்மன் மழையில நனஞ்சா. பொம்பளைங்க நாங்க கூடைய எறக்கி வச்சிட்டு, கூர போட்டாத்தான் கொழுந்து கிள்ளுவோம்னு ஒக்காந்துட்டோம். தொர எறங்கி வந்தாரு, கூர வந்துச்சு" என்றேன். கீழேயிருந்து குமுதா, "மொதல்ல கூடைய எறக்குனது யாரு பாட்டி? நீங்கதான?" என்று கேட்டுத் தொலைத்தாள். நான் பொய் சொல்லிப் பழகாதவள். "சிட்டம்மா" என்றேன். பக்கத்துக் கன்னம் திரும்பியது. "நானா?" என்றாள். "நீதான்டி. தொர மொகத்துக்கு முன்னாடி டம்முனு எறக்குன. ஒனக்கு அடுத்தது நான்." அவள் சிரித்த சிரிப்பில் மாலை குலுங்கி என் மடியெல்லாம் சாமந்தி.

அப்போதுதான் மீரான் பாய் அண்டா பக்கத்திலிருந்து கத்தினார். "இப்பத்தான் வெளங்குது பாட்டி! ஒரு பாட்டி கத விடுறது, இன்னொரு பாட்டி அது பொய்யின்னு சண்டைக்கு வர்றது. இந்த ரெண்டுக்கும் நடுவுல வளந்த புள்ள வரலாறு படிக்காம எங்கடையில மீ கோரேங் நூடுல்ஸா பெரட்டும்? யுனிவர்சிட்டி சண்டையெல்லாம் அதுக்குத் தூசி லா!" மண்டபமே சிரித்தது. "ஒன் தேத்தண்ணியில சீனி இல்ல" என்றேன். சிட்டம்மா உடனே, "சீனி இருக்கு. நானே குடிச்சேன்" என்றாள். உப்பை மறந்துவிட்டாள், நியாயம் பேச மட்டும் மறக்கவில்லை. ஆரத்தி எடுத்து மாலையைக் கழற்றியபோது எங்களைப் பிரித்து எழுப்ப நாலு பேர் வேண்டியிருந்தது.

ஆகையால் ரூபினி, என் தீர்ப்பு இது. பட்டமளிப்பு விழாவில் நீ பேசும்போது அந்தப் பழைய பேச்சைத் திருத்தி, முதலில் அஞ்சலை, பிறகு சிட்டம்மா என்று சொல்ல வேண்டும். பேப்பரில் அது வரும் வரைக்கும் நீ காரே அனுப்பினாலும் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். இது அம்மன் மேல் ஆணை இல்லை, சும்மா என் வார்த்தைதான், ஆனால் என் வார்த்தை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். உன் நாக்கில் நல்ல சொல்லும், உன் நாற்காலியில் நல்ல மெத்தையும், எதிர்த்துப் பேசுகிற புரொபசர்களுக்கு நல்ல புத்தியும் அந்த மாரியாத்தா கொடுக்கட்டும். உன் அம்மாவிடம் ஸ்ட்ராபெரி வாங்கினாளா என்று நான் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உண்மையை மட்டும் சொன்ன உன் அம்மாயி,
அஞ்சலை

பின்குறிப்பு: தாப்பா ரோட்டைத் திறந்துவிட்டார்களாம். லெட்சுமணன் மகன் சச்சின் நாளைக்கு வேனில் கீழே வருகிறான், நானும் வருகிறேன். சிட்டம்மாவும் வருகிறாள், நான்தான் கூப்பிட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே அறையில் படுக்கை போட்டு வை, அவள் பாதியில் நின்றால் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். பேச்சைத் திருத்தாதே, அப்படியே இருக்கட்டும். திருத்திவிட்டால் வழியெல்லாம் நான் எதைச் சொல்லி அவளோடு சண்டை போடுவது? சாம்பார் நான் வைப்பேன், உப்பு சரியாக இருக்கிறது என்று நீ முந்திக்கொண்டு சொல்லிவிடு. இந்தக் கடிதத்தையும் நானே கையில் கொண்டு வருகிறேன். முழுக்க அவளைப் புகழ்ந்து எழுதியிருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதனால் சத்தமாகப் படிக்கச் சொல்லுவாள். நீயாக எதையாவது படி. கதை விடத்தான் உன் அப்பாயி சொல்லிக் கொடுத்திருக்கிறாளே.