தேர்வாளருக்கு ஒரு நல்ல நாற்காலி

நாற்காலி பாதி அறைக்குள்ளும் பாதி நடையிலுமாகச் சிக்கிக்கொண்டு நின்றது. உள்ளே போகவும் மறுத்தது, வெளியே வரவும் மறுத்தது. அதன் இந்தப் பக்கம் கிளினிக்கின் பிசியோதெரபிஸ்ட் டேரன் ஆஷ்வர்த் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுத்த தள்ளலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா டேரன், அதையா எடுத்துட்டுப் போறே?" வரவேற்பு மேசையிலிருந்து மோரீன் எட்டிப் பார்த்தாள். "அதுல யாருமே உக்கார்றது..."

போன் அடித்தது. இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் காலையில் கிளினிக் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டால் கடவுளே நேரில் வந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். மோரீன் பாதிப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

அதில் யாரும் உட்காருவதில்லை என்பது டேரனுக்கும் தெரியும். நோயாளிகள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெருக்கியடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். இந்தப் பச்சை வெல்வெட் நாற்காலி மட்டும் தனியாகக் கிடக்கும். யாரோ குடும்பத்தார் கிளினிக்குக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. ஜனங்கள் மரியாதைக்காக அதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அந்த மரியாதைக்கு உரியவர் இன்றைக்கு வருகிறார்.

பல்கலைக்கழகத்திலிருந்து தேர்வாளர் பிலிப்பா ரெட்மன். ஒரு காலைப் பொழுது முழுக்க அவன் அறையில் உட்கார்ந்து, அவன் நோயாளிகளைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இவரைத் தனியாக விடலாம்" என்று சொல்லவேண்டும். சொன்னால் மேல்படிப்பு முடிந்தது, வேலை நிரந்தரம். சொல்லாவிட்டால் வேலையும் போச்சு. ஆஸ்பத்திரியில் அவனுடைய பழைய இடத்தில் ஏற்கெனவே வேறொருவன் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறான்.

வசந்த காலத்தில் வந்த தேர்வாளர் சொல்லவில்லை. தோள் வலி என்று வந்தவளை டேரன் பேசிப் பார்த்து, நோய் இன்னதென்று கண்டு, அடுத்து என்ன செய்வதென்று முடிவு சொல்லி அனுப்பியிருக்கவேண்டும். அவனோ இருபது வருஷ ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் தோளைப் பிடித்துவிட ஆரம்பித்துவிட்டான். அடுத்தடுத்த நோயாளிகள் வாசலில் காத்துக்கிடந்தார்கள். "முதலில் பார்ப்பவர் நீங்கள். கை வைத்தியம் அப்புறம்" என்று தேர்வாளர் எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதர் மூன்று மணி நேரம் மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் என்பதும் ஒரு காரணம் என்று டேரன் உறுதியாக நம்பினான்.

அவனுக்கு இந்த வேலை வேண்டும். ஆஸ்பத்திரியில் அவனிடம் வந்து சேர்ந்த தோள்களெல்லாம் மாதக்கணக்கில் காத்திருந்து இறுகிப்போனவை. இங்கே வலி வந்த வாரமே ஆட்கள் வருகிறார்கள். வந்த அன்றே ஒரு நல்ல வார்த்தை சொன்னால் பாதிப்பேர் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கவேண்டாம். அதை ஒரு முறை பார்த்தவனுக்குத் திரும்பிப் போக மனசு வராது. தலைகீழாக நின்றாவது இன்றைக்கு ஜெயித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தான்.

முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை, திருகாதே. கனமானதைத் தூக்கும் விதம் பற்றி ஊருக்கெல்லாம் அவன் செய்த உபதேசம் இது. இப்போது முழங்காலை மடக்காமல், முதுகை வளைத்து, இடுப்பைத் திருகி ஒரே தள்ளு தள்ளினான்.

நாற்காலி உள்ளே போனது. இடுப்பில் 'கடக்' என்றது.

அப்படியே நின்றான். நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. மோரீன் வந்து பார்த்தபோது அவன் மேசையின் அடி இழுப்பறையில் எதையோ தேடுகிறவன்போல் பாதியில் நின்றுகொண்டிருந்தான்.

"அட கடவுளே! புடிச்சுக்கிச்சா? வீட்டுக்குப் போப்பா. நான் அந்தம்மாகிட்ட சொல்லிக்கறேன்."

"போகமாட்டேன்."

"நிமிரக்கூட முடியலையே!"

"நிமிர்ந்துதான் பாஸ் பண்ணணும்னு சட்டமா? சூடா ஏதாவது வச்சா சரியாயிடும்."

மோரீன் தன் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து அவன் சட்டைக்குள்ளே, பெல்ட்டுக்கு மேலே செருகிவிட்டாள். "மூடி கொஞ்சம் லூசு, குனியாதே" என்றாள்.

"குனிய முடிஞ்சா ஏன் இது?" என்றான் டேரன்.

பிலிப்பா ரெட்மன் நல்ல உயரம், விறுவிறுவென்று நடை. கை குலுக்கினார். டேரன் நாற்காலியைக் காட்டினான்.

"உங்களுக்காகவே கொண்டுவந்து போட்டேன். சௌகரியமா உக்காருங்க."

"அடடே, எங்கே போனாலும் ஸ்டூலைத்தான் போடுவாங்க" என்று முகம் மலர்ந்து உட்கார்ந்தார். நாற்காலி அவரை உள்ளே வாங்கிக்கொண்டது. இடுப்பு தரைக்கருகே இறங்க, முழங்கால்கள் மோவாய் உயரத்துக்கு வந்தன. "ஹக்" என்று ஒரு சத்தம் கேட்டது. திருப்தியில் வந்த சத்தம் என்று டேரன் எடுத்துக்கொண்டான். அதற்கப்புறம் அந்த முகத்தில் சிரிப்பே இல்லை.

முதல் நோயாளி எட்னா பாட்டர்ஷா, சலவைக்கடை வைத்திருப்பவள். தோள் வலி.

"பழைய பிசியோ ஒருத்தர் இருந்தாரு, அப்படியே அமுக்கி விடுவாரு. நீயும் கொஞ்சம் அமுக்கி விடேன் கண்ணு" என்று தோளைக் காட்டினாள்.

டேரனின் விரல்கள் துடித்தன. கையை நீட்டினால் இடுப்பு உயிர் எடுத்துவிடும். வேறு வழியில்லாமல் பேசினான். எப்போது வலிக்கிறது, எந்தப் பக்கம் படுக்கிறாள், எவ்வளவு உயரத்தில் துணி காயப்போடுகிறாள். கையைத் தூக்கச் சொன்னான், சுழற்றச் சொன்னான், காரணம் கண்டான், கொடியை இறக்கிக் கட்டச் சொன்னான், இரண்டு பயிற்சி சொன்னான். ஒரு நோயாளிக்கு ஒதுக்கிய நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்போதுதான் தேர்வாளரின் பேனா கீழே விழுந்தது.

அது அவர் காலடியிலேயே கிடந்தது. பிலிப்பா பேனாவைப் பார்த்தார். பிறகு டேரனைப் பார்த்தார். எடுப்பதற்காக விரலைக்கூட அசைக்கவில்லை.

டேரனுக்குப் புரிந்தது. இடுப்புப் பிடிப்பைக் கண்டுபிடித்துவிட்டார். குனிகிறானா பார்ப்போம் என்று வேண்டுமென்றே போட்டிருக்கிறார்.

"பேனா..." என்றார் பிலிப்பா, மெல்லிய குரலில்.

"இதோ எடுக்கறேன்" என்றான் டேரன், பல்லைக் கடித்துக்கொண்டு. மேசையைப் பிடித்து, ஒரு முழங்காலை இறக்கி, இன்னொன்றை இறக்கி, பேனாவை எடுத்தான். எழும்போது வெந்நீர்ப் பையின் மூடி கழன்றது. வெதுவெதுப்பாக ஒரு ஓடை முதுகில் இறங்கி, கால்சட்டை முழுவதும் பரவி, கணுக்காலில் முடிந்தது.

எட்னா கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கால்சட்டையை நம்ம கடையில போடு, நான் பாத்துக்கறேன்" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனாள்.

நடுவில் மோரீன் தேநீர் கொண்டுவந்தாள். டேரனின் கால்சட்டையைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து வாயைத் திறந்தாள். மறுபடி போன் அடித்தது, ஓடிவிட்டாள். கைக்கெட்டும் தூரத்தில் வைத்த தேநீரைப் பிலிப்பா தொடவே இல்லை; பார்த்துக்கொண்டே ஆறவிட்டார். இவன் கொடுக்கும் தேநீர்கூட வேண்டாமென்று முடிவு செய்துவிட்டார் என்று டேரன் நினைத்தான். நினைத்தாலும் விடுவதாயில்லை. பரிசோதனைக் கட்டிலின் காகிதச் சுருளிலிருந்து நீளமாகக் கிழித்து இடுப்பைச் சுற்றிக்கொண்டான்.

அடுத்தவர் நார்மன், ரிட்டயர்டு பஸ் டிரைவர். இடுப்பு வலி. டேரனைப் பார்த்ததுமே, "என்ன தம்பி, சமையலா?" என்றார்.

இடுப்பு வலி என்று யார் வந்தாலும் கேட்டே ஆகவேண்டிய ஆபத்துக் கேள்விகள் சில உண்டு. தேர்வாளர் இருக்கும்போது ஒன்றைக்கூட விடக்கூடாது.

"கால் மரத்துப்போகுதா?"

"இல்ல."

"உக்கார்ற இடத்துல உணர்ச்சி குறைஞ்ச மாதிரி?"

"அதெல்லாம் இல்ல."

"சிறுநீர் உங்களை அறியாமலே போகுதா?"

நார்மன் அவன் இடுப்பைப் பார்த்தார். காகிதம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "எனக்கு இல்ல தம்பி" என்றார் கனிவாக. "உனக்கு எவ்வளவு நாளா?"

நாற்காலியிலிருந்து ஒரு விம்மல் மாதிரி வந்தது. சிரிப்பா வலியா தெரியவில்லை.

நார்மனைக் கட்டிலில் படுக்கச் சொன்னான். காலைத் தூக்கிப் பார்க்கவேண்டும், ஆனால் குனிய முடியாது. சரி, நான் இறங்க முடியாவிட்டால் கட்டில் ஏறட்டும் என்று கட்டிலை உயர்த்தும் கால் பொத்தானை மிதித்தான். கட்டில் ஏறியது. பொத்தான் சிக்கிக்கொண்டது. கட்டில் இன்னும் ஏறியது.

"தம்பி, ஜன்னல் வழியா கால்பந்து மைதானம் தெரியுது" என்றார் நார்மன். "இன்னும் கொஞ்சம் ஏத்தினா மேட்சே பாத்துடலாம். டிக்கெட் மிச்சம்."

அந்த உயரத்திலேயே இரண்டு காலையும் தூக்கிப் பார்த்து, நரம்பு நன்றாக இருக்கிறது, வெறும் தசைப்பிடிப்பு என்று உறுதிசெய்துகொண்டான். மறுபடி மிதித்து மிதித்து ஒருவழியாகக் கீழே இறக்கினான்.

"எக்ஸ்ரே படமெல்லாம் எடுக்கவேண்டாம். நடங்க, வேலையைப் பாருங்க. வேற என்ன கஷ்டம்?"

"நாற்காலியில உக்காந்தா எந்திரிக்க முடியலப்பா. அதுதான் பெரிய கஷ்டம்."

வாயால் சொன்னால் நார்மனுக்குப் புரியவில்லை. செய்துதான் காட்டவேண்டும். டேரன் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணில் பூச்சி பறந்தது.

"நுனிக்கு நகருங்க. பாதத்தைப் பின்னால இழுங்க. மூக்கு கால்விரலுக்கு நேரா வரணும். கையை ஊணி, மூச்சை விட்டுக்கிட்டே, எந்திரிங்க!"

எழுந்தான். நார்மனும் செய்து பார்த்தார், எழுந்துவிட்டார். "அட!" என்றார்.

"இன்னொரு தடவை காட்டுங்க" என்றது நாற்காலி.

டேரன் திரும்பினான். பிலிப்பா அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை.

"அவருக்குத்தான் வந்துடுச்சே, மேடம்."

"எனக்காக. மெதுவா."

உட்கார்ந்தான். எழுந்தான். உயிர் போய்த் திரும்பியது.

"பாதம் எவ்வளவு பின்னால? திரும்பக் காட்டுங்க, மிஸ்டர் ஆஷ்வர்த்."

கொல்லாமல் கொல்கிறாரே பாவி என்று மனசுக்குள் திட்டினான். ஆனால் முடியாது என்று மட்டும் சொல்லவில்லை. காகிதப் பாவாடையோடு, கண்ணில் நீர் முட்ட, மறுபடி உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். நார்மன் கைதட்டினார்.

"போதும், நன்றி" என்றார் பிலிப்பா. "ரெண்டு பேரும் வெளியே போங்க. கதவைச் சாத்திடுங்க. யாரும் உள்ளே வரக்கூடாது."

டேரன் நடையில் சுவரோடு சாய்ந்து நின்றான். முடிந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டான். கால்சட்டையை நனைத்துக்கொண்டு, நோயாளியைக் கூரைக்கு ஏற்றிய பிசியோவை எந்தத் தேர்வாளர் தனியாக விடுவார்? பரவாயில்லை. மூன்றாவது தடவையும் கேட்பது. அதற்கும் ஒப்பவில்லை என்றால் மறுபடி கேட்பது.

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு முனகல். மறுபடி கிறீச்.

"கோபத்துல நாற்காலியை ஒடைக்கறாங்க போல" என்றார் நார்மன்.

சற்று நேரத்தில் மோரீன் வேகமாக வந்தாள்.

"அந்தம்மா உள்ளேயிருந்து எனக்குப் போன் பண்ணாங்க. ரெண்டு பேருக்கும் பாத்த ஒடனே சரியா முடிவு சொன்னியாம், நீ பாஸாம்ப்பா!"

டேரன் சுவரை விட்டுவிட்டான், வலியும் மறந்துபோனது. "நெஜமாவா? அப்ப ஏன் வெளியே வரமாட்டேங்கறாங்க?"

"அதைத்தான் காலையிலேர்ந்து சொல்ல வர்றேன், அந்த நாற்காலியில உக்காந்தவங்க யாரும் தானா எந்திரிச்சதே இல்ல, அவங்களுக்கும் உக்காந்த ஒடனே இடுப்பு புடிச்சுக்கிச்சாம், நீ செஞ்சு காட்டின அந்த வித்தையை இன்னும் ஒரே ஒரு தடவை வந்து காட்டச் சொல்றாங்க."