ஆடுவதற்கு மிகவும் உகந்தது, முதல் தரம்

ஆடுவதற்குத் தகுந்த இசை எது என்பதைப் பொதுமக்களின் கால்களிடம் விட்டுவிடுவது ஆபத்து என்று அரசாங்கம் தீர யோசித்து முடிவெடுத்தது. அதற்கென ஓர் அலுவலகத்தையும் திறந்தது. முத்திரை குத்திய சான்றிதழ் இல்லாமல் எந்த மண்டபத்திலும் யாரும் வாசிக்கக் கூடாது.

டிரம்ஸ்காரரின் தங்கைக்கு அன்று மாலை கல்யாண வரவேற்பு. "நீ வாசிச்சு நான் ஆடலேன்னா, மாப்பிள்ளையை நீயே கட்டிக்கோ" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பாவம், டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே அந்த அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

அங்கிருந்த கால் பரிசோதகர் தன் செருப்பைக் கழற்றி, தன் இரண்டு பாதங்களையும் தராசுத் தட்டில் வைத்துக்கொண்டு, "ம், வாசிங்க" என்றார்.

டிரம்ஸ்காரர் வெளுத்து வாங்கினார். வரிசையில் நின்றவர்கள் ஆடினார்கள். காவலாளி தொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆடினார். பரிசோதகரின் கட்டைவிரலும் துடித்தது, தராசு முள் துள்ளிக் குதித்தது.

"தகுதியில்லை."

"ஐயா, உங்க காலே ஆடிச்சே!"

"அதுதான் குற்றம். வேலை நேரத்துல ஊழியரோட கால் ஆடக் கூடாதுன்னு விதி இருக்கு. விதியை மீற வைக்கிற இசைக்கு எப்படிங்க சான்றிதழ் தர்றது?"

"அப்போ காலை ஆட்டாத இசைதான் ஆடத் தகுந்ததா?"

"இப்பத்தான் உங்களுக்குப் புரியுது" என்றார் பரிசோதகர் அன்போடு.

டிரம்ஸ்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. தங்கை முகத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒற்றைக் குச்சியால் நிமிடத்துக்கு ஒரு தட்டு தட்டினார். மூன்றாவது தட்டில் பரிசோதகர் குறட்டை விட்டார். முள் அசையவில்லை. பக்கத்திலிருந்த எழுத்தர் தூங்குகிறவரின் கையைப் பிடித்தே முத்திரையைக் குத்தினார்: 'ஆடுவதற்கு மிகவும் உகந்தது. முதல் தரம்.'

மாலையில் அந்தச் சான்றிதழை மண்டப வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். விருந்தினர்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார்கள். உள்ளே முதல் தட்டு விழுந்ததும், எல்லோரும் கண்ணை மூடி இடது முட்டியை மடக்கினார்கள். அடுத்த நிமிடம் வந்ததும் மறுபடி மடக்கினார்கள். சித்தப்பா சொக்கிப்போனார்.

"இத்தனை நாளா நாம ஆடினதெல்லாம் ஒரு ஆட்டமா?"

மடக்காமல் நின்ற மாமாவை அத்தை இடித்தாள். "மானத்தை வாங்காதீங்க. முதல் தரம்னு போட்டிருக்கான்ல!"

டிரம்ஸ்காரருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. வருவது வரட்டும் என்று இரண்டு குச்சிகளையும் எடுத்து, தங்கைக்குப் பிடித்த தாளத்தைப் பொழிந்து தள்ளினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. தங்கை மேடையிலிருந்து ஓடி வந்தாள். அவருக்கு மனசு பூரித்துப்போனது.

அவள் குச்சிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் போடாதேண்ணா. எல்லாரும் ஆடிக்கிட்டு இருக்கோம்ல!"