அருவி வருது, துணியை எடு

எனக்குத் தெரியாத விஷயமும் உலகத்தில் உண்டு என்பதை இருபத்து மூன்று வயதுவரை நான் ஒப்புக்கொண்டதே இல்லை. (இப்பவும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று என் மகன் சொல்வான். அவன் கிடக்கிறான்.)

அதிலும் மழையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. வடமதுரைப் பக்கம் மானாவாரிக் குடும்பத்தில் பிறந்தவள் நான். அங்கே மழை எப்போதாவதுதான் வரும், வந்தால் சத்தம் போட்டுக்கொண்டு வரும். இரண்டு காடு தள்ளி 'சோ'வென்று இரைச்சல் கேட்கும். அது நம் களத்துக்கு வந்து சேருவதற்குள் காய்கிற கடலையை அள்ளிவிட வேண்டும். வீட்டில் முதலில் கேட்பது நான்தான். "தனத்துக்குப் பாம்புச் செவி" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்தப் பெருமையோடுதான் அறுபதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கு டீச்சராக வந்தேன்.

அங்கே நூர்ஜஹான் தையல் டீச்சர். மூன்று வருஷம் அவள் வீட்டு வெஞ்சனத்தை நானும் என் வீட்டுச் சோற்றை அவளும் தின்றோம். நான் பேசுவேன், அவள் கேட்பாள். அப்படி ஒரு சிநேகிதி கிடைப்பது லேசான விஷயமா? அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் பினாங்கில் கடை. நிக்காஹ் முடிந்த கையோடு கப்பல்.

"எனக்கு ஒரே ஒரு ஆசை, தனம்," என்றாள். "இந்த ஊர்க் குழாயில சொட்டுச் சொட்டா விழுகுறதத்தான் பாத்திருக்கேன். அம்புட்டுத் தண்ணியும் ஒண்ணா மேலருந்து விழுகுறத ஒரு தடவ பாத்துட்டுப் போயிரணும்."

பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஆறு பேர், ஆத்தூருக்கு மேலே மலையில் இருக்கும் அருவிக்குப் போவதாக ஏற்பாடு செய்தேன். அவளுடைய அத்தா தோல் வியாபாரி, வாயில் இலேசில் 'சரி' வராது.

"அடுத்த வெள்ளிக்கிழம கல்யாணம். நனஞ்சு காய்ச்சல்ல படுத்தா சம்பந்திக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

"உங்க மக தலையில ஒரு சொட்டு மழை விழாது அத்தா. நான் பொறுப்பு. ஞாயித்துக்கிழம பொழுது சாஞ்சு மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்றதுக்கு முன்னாடி கொண்டாந்து விட்டுருவேன்," என்றேன். மழைக்குப் பொறுப்பேற்கச் சொல்லி என்னை யார் கேட்டது? வாய் சும்மா இருந்தால்தானே.

சனிக்கிழமை ராத்திரி ஆத்தூரில் பெரிய டீச்சரின் தங்கை வீட்டில் தங்கினோம். விடிந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த ஊர்க்காரரான கருப்பையா அண்ணன் வழிகாட்ட, அணைக்கரையைத் தாண்டி மலையேறினோம். மூன்று மணி நேர ஏற்றம். ஏற ஏற மரங்கள் நெருங்கி, வானமே தெரியாமல் போயிற்று. அப்படி ஒரு இருட்டுப் பச்சையை நான் கண்டதில்லை. நூர்ஜஹான் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஓரிடத்தில் பெரிய டீச்சர் காலில் அட்டை ஏறியது. அவர் குதித்த குதியில் கால் பிசகிவிட்டது. நூர்ஜஹான் அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். நான் டிராயிங் டீச்சருக்கு மேகத்தின் நிறத்தை வைத்து மழையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தேன் (வானமே தெரியாத இடத்தில்). கருப்பையா அண்ணன் என்னவோ சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அவர் பெரிய டீச்சரோடு தங்கிக்கொள்ள, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு நான் முன்னால் போனேன்.

கால் மணி நேரம் போயிருக்கும். 'சோ'வென்று ஒரு இரைச்சல். கையில் ஒரு சொட்டு விழுந்தது.

"மழை. திரும்புங்க," என்றேன்.

நூர்ஜஹான் என் கையைப் பிடித்தாள். "நனஞ்சா நனையுறேன் தனம். இம்புட்டுத் தூரம் வந்துட்டோம். பாத்துட்டுப் போயிருவோம்."

"அத்தாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்," என்று சொல்லி, பிடித்த கையோடு அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். எல்லாரும் ஓடினார்கள். எங்களைப் பார்த்ததும் பெரிய டீச்சரும் எழுந்து ஓடினார். பிசகின காலோடு அவர்தான் எல்லாருக்கும் முன்னால் போனார். பின்னால் கருப்பையா அண்ணன் கத்திக்கொண்டே வந்தார். சீக்கிரம் ஓடச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினோம். தயிர்சாதத் தூக்கு எந்தப் பாறையில் உருண்டதோ தெரியாது.

அடிவாரத்தில் சுள்ளென்று வெயில். தரையில் புழுதி. பெரிய டீச்சரின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் கருப்பையா அண்ணன்.

"எதுக்கும்மா இந்த ஓட்டம்?"

"மழைண்ணே. சோன்னு சத்தம் கேட்டுச்சுல்ல."

அவர் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதுதாம்மா அருவி. சத்தத்தப் புடிச்சுக்கிட்டே போங்கன்னு சொன்னேனே. இன்னொரு வளைவு திரும்பியிருந்தா மூஞ்சியில தெறிச்சிருக்கும்."

முதலில் சிரித்தது நூர்ஜஹான்தான். ஒரு கல்லில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மற்றவர்கள் சிரிப்பு அடங்கிய பிறகும் அவள் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்ப ஏற நேரமில்லை. பெரிய டீச்சரின் கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. பஸ்ஸில் நான் முதல்முறையாக வாயைத் திறக்காமல் வந்தேன்.

"விடு புள்ள," என்றாள் அவள். "சத்தத்தக் கேட்டேன்ல. போதும்."

போதாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் அத்தா வாசலிலேயே நின்றிருந்தார். மகள் தலையைத் தொட்டுப் பார்த்தார். "ஒரு சொட்டுக்கூட நனையலயே. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டியேம்மா," என்று என்னை உட்கார வைத்துப் பிரியாணி போட்டார். (அழுதுகொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டேன். பிரியாணி என்ன பாவம் பண்ணியது?)

பினாங்கிலிருந்து முதல் கடிதம் வந்தது. 'இங்க தெனமும் சாயங்காலம் தகரக் கூரையில சோன்னு வருது, தனம். கண்ண மூடி உக்காந்துக்குவேன். எங்க வீட்டுக்காரரு மழைங்கிறாரு. நான் அருவிங்கிறேன்.'

கல்யாணமான புதிதில் அந்தக் கடிதத்தை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அதுதான் நான் செய்த அடுத்த முட்டாள்தனம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மழை பெய்வதே இல்லை. "அருவி வருது, துணியை எடு" என்பார் அவர். பிள்ளைகளும் அப்படியே பழகினார்கள். என் மகன் பள்ளிக்கூடத்தில் 'மாதம் மும்மாரி' என்பதற்கு 'மாதம் மூன்று அருவி' என்று எழுதி அடி வாங்கினான்.

கடிதங்கள் வருஷத்துக்கு ஒன்றாகி, ஒரு விலாச மாற்றத்தில் நின்றுபோயின. நான் எழுதிய கடைசி இரண்டும் திரும்பி வந்துவிட்டன. இப்போது அந்த மலைக்கு ரோடு போட்டிருக்கிறார்கள். "கார்ல கூட்டிட்டுப் போறேன், வாம்மா," என்று மகன் எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டான். நான் போகவில்லை. அவள் பார்க்காததை நான் மட்டும் போய் எப்படிப் பார்ப்பது?

நேற்றுச் சாயங்காலம் தூரத்தில் இரைச்சல் கேட்டது. உள்ளேயிருந்து மகன் குரல் கொடுத்தான். "அம்மா, அருவி வருது. துணிய எடுக்கலையா?"

கொடியில் துணி கிடந்தது. நான் முற்றத்தில் நின்றுகொண்டேன். ஒரு தடவை ஓடியது போதும்.