மிக்ஸி கப்ளரின் மறுமலர்ச்சி

நம் நாட்டின் உற்பத்தித் துறை எங்கே விழுந்தது என்று அறிஞர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே எழுந்தது என்று என்னைக் கேளுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில், டீக்கடைக்கு எதிர்ச்சந்தில், என் ஷெட்டில், ஓர் ஆயுத பூஜையன்று காலை பதினொன்றே காலுக்கு எழுந்தது. எழுப்பியவன் இராமகிருஷ்ணனாகிய நான்.

நான் ஓர் 'உற்பத்தியாளர்'. மிக்ஸி ஜாருக்கு அடியில் பல் பல்லாக ஒன்று சுற்றுமே, சட்னி அரைக்கும்போது உடைந்து உங்கள் காலை நேரத்தைப் பாழாக்குமே, அந்தக் கப்ளர்தான் என் சரக்கு. தயாரிப்பு முறை மிக நவீனமானது. சீனாவிலிருந்து பெட்டி வரும். சரசாவும் இன்னும் ஐந்து பெண்களும் பிரிப்பார்கள். 'நம்ம மண்ணின் படைப்பு' என்று ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். உற்பத்தி முடிந்தது. அந்த ஸ்டிக்கரும் அதே பெட்டியில்தான் வரும்.

இப்பேர்ப்பட்டவனுக்கு எங்கள் உற்பத்தியாளர் சங்கம் 'சுதேசிச் செம்மல்' விருது தர முன்வந்ததில் வியப்பில்லை. சங்கச் செயலாளரும் நானே. ஒரே ஒரு சிக்கல். ஸ்ரீநாத் என்ற ஆலோசகர் ஷெட்டை நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டுமாம். என் ஷெட்டில் சுற்றக்கூடிய ஒரே இயந்திரம் சீலிங் ஃபேன்.

மூளை என்று ஒன்றைச் சும்மாவா வைத்திருக்கிறேன்? ஆய்வை ஆயுத பூஜையன்று வைத்தேன். பூஜை போட்ட மெஷினை அன்றைக்கு ஓட்டக்கூடாது. ஓட்டிக் காட்டச் சொல்லி எந்தக் கொம்பனும் கேட்க முடியாது. ஆக, ஒரு மெஷினை இரவல் வாங்கி நிறுத்திவிட்டால் போதும்.

மேனாம்பேட்டில் வேம்புலி இருந்தான். பத்தொன்பது வருஷம் என்னிடம் லேத் ஓட்டியவன். நான் 'சீர்திருத்தம்' செய்து அவனை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஷெட்டிலிருந்த பழைய சின்ன லேத்தைக் கொண்டுபோய்த் தன் வீட்டு வாசலில் போட்டுப் பிழைத்துவந்தான்.

"ஒரு நாளைக்கு லேத்தைக் குடுப்பா" என்றேன்.

"தாராளமா எட்த்துகினு போ மொதலாளி. ஆனா எனக்கு ஒரு ஆர்டர் குடு. கப்ளரு நான் பண்ணித் தரேன். ரெண்டு மாசமா மெஷினு சும்மா கீது. தீவாளிக்குள்ள ஆர்டர் வரலேன்னா காயலாங்கடைக்குத்தான் போவும்."

"பார்க்கலாம்" என்றேன். அந்த ஒரு சொல்லை மட்டும் நான் எந்த நாட்டிலிருந்தும் வரவழைப்பதில்லை.

பூஜையன்று குட்டியானை வண்டியில் லேத் வந்து இறங்கியது. பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை சாத்தியதும் பார்க்கவே கண் நிறைந்துபோயிற்று. ஸ்ரீநாத் திருமுல்லைவாயில் ஃபிளாட்டிலிருந்து கையில் டேப்லெட்டோடு வந்தார்.

"இதைக் கொஞ்சம் ஓட்டிக் காட்ட முடியுமா சார்?"

கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "இன்னிக்கு சரஸ்வதி அதில் உட்கார்ந்திருக்கா. தொந்தரவு செய்யக்கூடாது."

"வாவ்! மெஷினுக்கே லீவு கொடுக்கிற கலாசாரம்!" என்று குறித்துக்கொண்டார்.

"இங்க நாலு வருசமா ஆயுத பூசதான்" என்று சரசா முணுமுணுத்தாள். நல்லவேளை, பொரி கொறிக்கும் சத்தத்தில் அது கேட்கவில்லை.

அப்போது பார்த்து வேம்புலி முன்னால் வந்தான். சலவைச் சட்டை. பேப்பர் பொட்டலத்தைப் பிரித்தான். முந்தின நாள் தானே கடைந்த கப்ளர். "இத்த மாட்டிப் பாரு சார்."

ஸ்ரீநாத்துக்குச் சோதனை என்றால் உயிர். எதிர் டீக்கடை மிக்ஸியை வரவழைத்து, பூஜைத் தட்டிலிருந்த விரலி மஞ்சளைப் போட்டு முடுக்கினார். முதலில் என் 'படைப்பு'. டப்! பல் போயிற்று. அடுத்தது வேம்புலியுடையது. மஞ்சள் மாவாகி, ஷெட்டே மஞ்சள் மூட்டமாகி, சரசா ஏழு தும்மல் போட்டாள். கப்ளர் அசையவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை செய்வீங்க?"

"ஆர்டர் குட்தா நூறு, சார்."

"ஆர்டர் யார் தரணும்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சரஸ்வதி படத்தைப் பார்த்தேன். "சந்தை தரணும்" என்றேன் கம்பீரமாக. கைதட்டல். உள்நாட்டு உற்பத்தி மீண்டுவிட்டதாக அறிக்கை போயிற்று. எனக்குப் பொன்னாடை வந்தது.

வேம்புலி மட்டும் வாசலில் நின்றான். "ஆர்டரு, மொதலாளி?"

"சாம்பிளை வெச்சுட்டுப் போ. காட்ட வேண்டிய இடத்தில் காட்டறேன்."

சொன்ன சொல் தவறுவேனா? அந்த வாரமே சீனாவுக்குக் கூரியர் செய்தேன். 'இதே மாதிரி வேண்டும், மலிவாக.' தொழில்நுட்பத்தையே ஏற்றுமதி செய்த அம்பத்தூர்க்காரன் வேறு யார் இருக்கிறான்?

தீபாவளி வந்தது. லேத் காயலாங்கடைக்குப் போயிற்று. நான் கல்நெஞ்சக்காரன் அல்லவே! வேம்புலிக்கு ஸ்டிக்கர் பிரிவில் வேலை கொடுத்தேன். "நகத்தால தேய்க்காத அண்ணாத்தே, சுருங்கிப்பூடும்" என்று சரசா பயிற்சியும் கொடுத்தாள்.

மாசியில் புதுப் பெட்டி வந்தது. வேம்புலி ஒரு கப்ளரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மொதலாளி, இது என்னுது."

"அதே மாதிரி இருக்கு, அவ்வளவுதான்பா."

"இல்ல. அன்னிக்கு என் டூலு மூக்கு ஒடஞ்சிருந்துச்சி. ஓரத்துல ஒரு கீறல் உயுந்துச்சி. அந்தக் கீறலும் கீது பாரு." பெட்டிக்குள் கையை விட்டு அள்ளினான். "அல்லாத்துலயும் கீது."

அவன் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். பாவி, அவன் முகத்தில் பெருமை! "அவனுங்களுக்கே புட்ச்சிப்போச்சி பாரேன்" என்று சரசாவிடம் காட்டினான். பிறகு உட்கார்ந்து, தன் கப்ளர் ஒவ்வொன்றின் மேலும் என் ஸ்டிக்கரை ஒட்ட ஆரம்பித்தான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஆவடியில் கூட்டம். 'நாட்டுத் தொழிலை நசுக்கியவர்கள் யார்?' என்று நான் ஒரு மணி நேரம் முழங்க வேண்டுமாம். அவ்வளவு நேரம் எதற்கு? எழுந்து நின்று என் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும்.