பனிமலைக்கு ஒரே ஒரு இடம்

சாவதற்குள் ஒருமுறையாவது விமானம் ஏறிவிடுவது என்று தையல்காரர் முடிவு கட்டினார். ஊர் சுற்றப் போகிறேன் என்றால் மனைவி விடமாட்டாள். சாமி பெயரைச் சொன்னால் யார் தடுப்பார்கள்?

வெளிநாட்டில் பனிமலை மேல் ஒரு கோயில். அவர் கடை வாடிக்கைக்காரர்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். மகனுக்கு வேலை கிடைக்க ஒருவர், மருமகளிடமிருந்து பத்து நாள் தப்பிக்க ஒருவர், பனியில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒருவர். ஒரே ஒரு இடம்தான் பாக்கி.

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷம் உன்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போனாங்கல்ல? நீ பொழச்சு வந்தா அந்த மலையில வந்து கும்பிடுறேன்னு வேண்டிக்கிட்டேன்."

பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவியின் ஊசி நின்றது.

"எனக்காகவா?"

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரிக்காகவா?"

அவள் கண் கலங்கிவிட்டது. அவருக்குச் சுருக்கென்றது. வேண்டுதலாவது ஒன்றாவது! அன்றைக்கு அவர் கைகூடக் குவிக்கவில்லை. ஆனாலும் சாயங்காலமே தன் அளவுக்கு ஒரு கம்பளிக் கோட்டு வெட்டினார்.

கோட்டுக்குக் கை வைத்து முடித்த அன்று அவள் வந்து நின்றாள்.

"ஏங்க, என் அண்ணிகிட்டக் கேட்டேன். பொழச்சவதான் நேர்ல போய் நிக்கணுமாம். நானே போறேன்."

"வேண்டிக்கிட்டது நானாச்சே!"

"உங்க வாக்கைக் கேட்டுச் சாமி என்னைத் திருப்பித் தந்துச்சு. நான் போகலேன்னா நல்லாவா இருக்கும்? இல்ல, நான் பொழச்சதுல உங்களுக்கு ஏதும் வருத்தமா?"

இதற்கு எந்தப் புருஷன் பதில் சொல்வான்?

"அப்படியே இந்தக் கோட்டை இடுப்புல கொஞ்சம் பிடிச்சுடுங்க."

பிடித்தார். ஒவ்வொரு தையலும் அவர் நெஞ்சிலேயே விழுந்தது. ஏமாந்தது கூடப் பெரிதில்லை. அவள் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எனக்காக எப்படி உருகியிருக்காரு பாருங்க" என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

கிளம்பும் நாள் காலை, வாசலில் வண்டி வந்து நின்றது. அவர் உடைந்துவிட்டார்.

"நில்லு. நான் வேண்டிக்கவே இல்ல. விமானம் ஏற ஆசை. அதான் பொய் சொன்னேன்."

"தெரியுமே" என்றாள் அவள், பெட்டியைப் பூட்டிக்கொண்டே. "நீங்க பெஞ்சுல விட்ட குறட்டையில ஆஸ்பத்திரி சன்னலே ஆடுச்சுன்னு நர்ஸ் அப்பவே சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா போறே?"

"எனக்கும் விமானம் ஏற ஆசைதாங்க. நிஜத்தைச் சொல்லியிருந்தா, அடுத்த கூட்டத்தோட ரெண்டு பேருமாப் போயிருக்கலாம்."