என் வயிற்றிலிருந்த உன் புழுக்கள் குறித்து

அன்புத் தங்கைக்கு, மாவு மில் அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். ஆராய்ச்சிக்காக நீ என்னை நம்பி ஒப்படைத்த பத்துப் புழுக்கள் நலமில்லை. உட்கார்ந்துகொண்டு படி.

ஆய்வுக்கு ஆள் போதவில்லை என்று நீ புலம்பியதும் நானேதான் கையை நீட்டினேன். மாவுத் தூசிக்கு என்னைத் தும்ம வைப்பதும் குடலில் புழுவை விரட்டுவதும் உடம்புக்குள் இருக்கும் ஒரே காவல் கூட்டம்தான், புழு வந்தால் அது தூசியை மறக்குமா என்று பார்க்கிறோம் என்றாய். நான் தும்மினால் வாடிக்கையாளரின் மாவில் பாதி அவர் சட்டைக்குப் போகிறது. எனக்கு வேறென்ன வேண்டும்? புழுக்குஞ்சுகளோடு நீ ஒட்டிய பிளாஸ்திரி முதலில் கையை அரித்தது; குஞ்சுகள் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் குடியேறின. பிறகு நீ சொன்னபடியே குடலில் ஒரு செல் புழுவை ருசி பார்த்துக் கூச்சல் போட, அதைக் கேட்டு அடுத்த செல்கள் படை திரட்ட, இன்னொரு வகையறா சளியைக் கொட்டி வழுக்கிவிட, குடல் பிடித்துத் தள்ள, அந்தத் தள்ளலில் புழுக்கள் அசையவில்லை, நான்தான் கட்டிலுக்கும் கழிவறைக்குமாக ஓடினேன். வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று உன் அண்ணியிடம் சொல்லிவைத்தேன். ஒரு மாதத்தில் புழுக்கள் எதையோ கசியவிட்டு அந்தக் கூட்டத்தைச் சமாதானப்படுத்திவிட்டன போலிருக்கிறது. தும்மல் நின்றது! நன்றி மறக்கலாமா? தினமும் சாப்பிட்டதும் வயிற்றைத் தடவி, "போதுமா, இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று விசாரிப்பேன். நேற்று பின்னால் உன் அண்ணி நின்றிருந்தாள்.

"யார்கிட்ட பேசுறீங்க?" என்றாள். எல்லாவற்றையும் உளறிவிட்டேன். உள்ளே போனவள் மாத்திரையும் தண்ணீருமாக வந்து, "போட்டுக்குங்க" என்றாள். விழுங்கிவிட்டுத்தான் என்னவென்று கேட்டேன். இருபது வருஷப் பழக்கம். "பூச்சி மாத்திரை" என்றாள். போச்சு! இன்று காலை ஏழெட்டுத் தும்மல். காவல் கூட்டம் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. உன் உழைப்பில் மண்ணள்ளிப் போட்ட பாவியாகிவிட்டேன், மன்னித்துவிடு அம்மா. ஆய்விலிருந்து என் பெயரை அடித்துவிடு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. எல்லாரும் நோய்நொடியில்லாமல் இருங்கள். நீ மட்டும் கையைச் சோப்பு போட்டுக் கழுவு.

இப்படிக்கு,
காலி வயிற்றோடு,
அண்ணன்

பி.கு.: உறையில் போட்டு ஒட்டும்படி கடிதத்தை உன் அண்ணியிடம் கொடுத்தேன். அவள் பிரித்துப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நேற்றுக் கொடுத்தது அவளுடைய சத்து மாத்திரையாம். காலைத் தும்மல் அவள் மிளகாய் வறுத்ததற்காம். "பின்ன என்ன? என்னை ஒரு வார்த்தை கேக்காம என் வீட்டுல பத்துப் பேரைக் குடி வெச்சிருக்கீங்க. ஒரு நாளாவது மனுஷன் அழட்டும்னு விட்டேன்" என்கிறாள். ஆகவே மேலே எழுதியது எதுவும் செல்லாது, என் பெயர் இருக்கட்டும். இப்போதுதான் சாப்பாடு போட்டாள். ஒரு கரண்டி கூடவே வைத்துவிட்டு, "இது உங்களுக்கு இல்ல" என்கிறாள்.